தமிழ் படித்தவர் உளவியலில் முனைவர் ஆக முடியுமா?

எங்கள் மாலை நேரப் படிப்பகத்துக்கு வரும் பிள்ளைகள் கேட்பதில் பாதிக்குமேல் வேலை பற்றிய கேள்விதான். குரூப் 4 அறிவிப்பு எப்போது, டெட் தேர்வு எப்போது, போலீஸ் வேலைக்கு உயரம் எவ்வளவு வேண்டும் என்று கேட்பார்கள். அண்மைக் காலமாக இவற்றுக்கு நடுவே இன்னொரு கேள்வியும் வருகிறது. "அண்ணே, நான் எம்.ஏ. தமிழ் முடிச்சிருக்கேன். சைக்காலஜியில பிஎச்.டி. பண்ண முடியுமா?" தமிழுக்குப் பதில் சிலர் பி.காம். என்பார்கள், சிலர் பி.எஸ்சி. கணிதம் என்பார்கள். கேள்வி ஒன்றுதான்.

இதை வெறும் ஆசை என்று நாங்கள் ஒதுக்கவில்லை. கேட்கிறவர்களிடம் ஏன் உளவியல் என்று திருப்பிக் கேட்டோம். திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், தமிழில் முதுநிலையும் பி.எட்.டும் முடித்தவர், சொன்ன பதில் எங்களை யோசிக்க வைத்தது. "எங்க காலனி பள்ளிக்கூடத்துல அஞ்சாவது வரைக்கும் வாய் ஓயாம பேசுற பிள்ளைங்க, ஊருக்குள்ள இருக்குற ஹைஸ்கூலுக்குப் போனதும் ஆறாவதுலயே பேச்சை நிறுத்திடுதுங்க அண்ணே. வீட்டுக்கு வந்தா பேசுதுங்க. அங்க பேச மாட்டேங்குதுங்க. ஏன்னு யாராவது ஆராய்ச்சி பண்ணியிருக்காங்களா?"

ஓர் ஆய்வேட்டுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. அதைக் கேட்க அந்தத் தம்பிக்குத் தகுதி இருக்கிறது. பல்கலைக்கழகம் கேட்கும் தகுதி வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு முதற்கொண்டு பேசிய அறிக்கை அது. சாதி பள்ளிப் பிள்ளைகளின் மனத்தில் எப்படி வேலை செய்கிறது என்று அறிய அப்போது எல்லோரும் ஆசைப்பட்டார்கள். ஆனால் அந்த மனத்தை உள்ளிருந்து அறிந்தவர்களில் எத்தனை பேர் ஆய்வாளராக இருக்கிறார்கள்? அடித்தவன் மனத்தையும் அடிபட்டவன் மனத்தையும் வெளியூர்க்காரர் ஒருவர் வினாத்தாள் கொடுத்து அளந்துவிட்டுப் போவதோடு நிற்கிறது பல ஆய்வு. சாதி செங்கல்லாலும் மண்ணாலும் மட்டும் எழும்பிய சுவர் இல்லை, மனத்துக்குள் இருப்பது என்பதை 1936லேயே அண்ணல் அம்பேத்கர் எடுத்து வைத்தார். அதற்குப் பிறகு உளவியல் துறை இந்நாட்டில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது மிகக் குறைவு என்பது எங்கள் எண்ணம்.

கணிதத்திலிருந்து வந்தவர்

அண்ணல் படித்த அதே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1943இல் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார் ஒரு கறுப்பினப் பெண். பெயர் மேமி ஃபிப்ஸ் கிளார்க். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 1917இல் பிறந்தவர். அப்பா மருத்துவர், எனவே நம் பிள்ளைகளைப் போல வறுமை இல்லை. ஆனால் கறுப்பருக்குத் தனிப் பள்ளி, தனிக் கடை என்றிருந்த ஊர். அவர் ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனது உளவியலுக்கு அல்ல. கணிதம் முதன்மைப் பாடம், இயற்பியல் துணைப்பாடம். அங்கே கணிதப் பேராசிரியர்கள் பெண்களை ஊக்கப்படுத்தவில்லை. பின்னாளில் அவர் கணவரான கென்னத் கிளார்க் உளவியலின் பக்கம் அழைத்தார். மாறினார்.

1938இல் பட்டம் பெற்ற கோடையில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. இனப் பாகுபாட்டுக்கு எதிரான வழக்குகள் தயாராகிக்கொண்டிருந்த அலுவலகம் அது. சட்டத்தை வைத்து இதை உடைக்க முடியும் என்ற நம்பிக்கை அவருக்கு அங்கே வந்தது. அடுத்த ஆண்டு முதுநிலை ஆய்வேடு. மழலையர் பள்ளியில் படிக்கும் கறுப்பினக் குழந்தைகளுக்குத் தன்னைப் பற்றிய உணர்வு எப்போது, எப்படி வருகிறது என்பது பொருள்.

அந்த ஆய்விலிருந்துதான் பொம்மைச் சோதனை பிறந்தது. நிறத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான பொம்மைகள், சில வெள்ளை, சில பழுப்பு. 3 முதல் 7 வயது வரையுள்ள 253 கறுப்பினக் குழந்தைகளிடம் கேட்டார்கள்: எதோடு விளையாட உனக்குப் பிடிக்கும்? எது நல்ல பொம்மை? எது கெட்ட பொம்மை? உன்னைப் போல இருப்பது எது? பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையை நல்லது என்றார்கள். கடைசிக் கேள்வி வந்தபோது சில குழந்தைகள் அழுதுவிட்டு வெளியே ஓடினார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிரவுன் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, கென்னத் கிளார்க்கின் ஆய்வை அடிக்குறிப்பில் சுட்டியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொலம்பியாவில் மேமி கிளார்க் தனக்கு நெறியாளராகத் தேர்ந்துகொண்டவர் ஹென்றி காரெட் என்ற பேராசிரியர். புள்ளியியலில் பெரிய ஆள். கறுப்பர்கள் அறிவில் குறைந்தவர்கள் என்று நம்பியவரும்கூட. பிற்பாடு பள்ளிப் பிரிவினை வழக்கில் பிரிவினைக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னவர். அப்படிப்பட்டவரிடம் போய் அளவுகோலைக் கற்றுக்கொண்டு வந்து, அவர் நம்பியதற்கு எதிரானதை அளந்து காட்டினார் இந்தப் பெண். கணிதம் படித்தது வீண் போகவில்லை.

இங்கே வழி எப்படி இருந்தது?

அமெரிக்காவில் வேறு பட்டம் படித்தவர்கள் உளவியலின் அடிப்படைப் பாடங்கள் நான்கைந்தைத் தனியாகப் படித்து முடித்துவிட்டு, இளநிலைப் பட்டத்தோடு நேரே முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். நம் நாட்டில் அப்படித் தனித்தனிப் பாடமாகச் சேர்த்து வாசலைத் தாண்டும் ஏற்பாடு பெரும்பாலும் இல்லை. உளவியலில் முதுநிலைப் பட்டமே வேண்டும். எம்.ஏ. தமிழ் முடித்தவர் மறுபடியும் ஒரு முதுநிலை படித்தாக வேண்டும்.

யூஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு பிஎச்.டி. விதிகள் சொல்வது இது. இரண்டாண்டு முதுநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடு மதிப்பெண். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகளுக்கு 5 விழுக்காடு தளர்வு, அதாவது 50 போதும். பல்கலைக்கழகம் தானே நுழைவுத் தேர்வு நடத்தினால் பாதி வினா ஆய்வுமுறை பற்றி, பாதி வினா பாடம் பற்றி. தேறுவதற்கு 50 விழுக்காடு, நமக்கு 45. சேர்ந்தபின் குறைந்தது 12 கிரெடிட் பாட வகுப்பு. குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் ஆறாண்டு, பெண்களுக்கு மேலும் இரண்டாண்டு. வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகவும் செய்யலாம்.

அந்த இரண்டாவது முதுநிலையை நம்மவர்கள் எங்கே படித்தார்கள்? தொலைதூரக் கல்வியில். இக்னோவின் எம்.ஏ. உளவியலுக்கு ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். நம் பக்கத்துப் பல்கலைக்கழகங்களிலும் அஞ்சல் வழியில் உளவியல் இருந்தது. பகலில் வேலை, இரவில் பாடம், தேர்வுக்கு மட்டும் பேருந்து ஏறினால் போதும்.

எங்கள் படிப்பகத்திலிருந்து அப்படிப் போன தங்கை ஒருவர் இருக்கிறார். பி.காம். படித்தவர். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார், அப்பா இல்லை. ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டே இக்னோவில் சேர்ந்தார். பாடப் புத்தகம் ஆங்கிலத்தில் வந்தது. முதல் ஆறு மாதம் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆனால் புள்ளியியல் தாளில் எங்கள் எல்லோரையும்விட அவர்தான் வேகம். பி.காம். பாடத்தில் சராசரியும் திட்டவிலக்கமும் ஒட்டுறவுக் கெழுவும் ஏற்கெனவே போட்டுப் பழகியவர். செய்முறைப் பயிற்சிக்கு மட்டும் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் வந்தார். நெட் தேர்வை மூன்றாவது முறையில் தாண்டினார்.

பிஎச்.டி. நேர்காணலில் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "காமர்ஸ் படிச்சவங்க ஏன் இங்க வந்தீங்க?" என்பது. அடுத்த கேள்வி, "அதுவும் டிஸ்டன்ஸ்ல?" எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுத வேண்டாம். அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அங்கீகாரம் பெற்ற தொலைதூரப் பட்டம் நேரடி வகுப்புப் பட்டத்துக்கு நிகரானது என்று 2022 செப்டம்பரில் யூஜிசி வெளியிட்ட அறிவிப்பு. அதற்குப் பிறகு பாடத்தைப் பற்றிக் கேட்டார்கள். இடம் கிடைத்தது. சுயஉதவிக் குழுக் கடனில் சிக்கிய பெண்களின் மன அழுத்தம் அவருடைய பொருள். பி.காம். படித்ததால்தான் அவருக்கு அந்தப் பொருள் தோன்றியது என்பது எங்கள் கணிப்பு.

ஏற்கெனவே தொலைதூரத்தில் உளவியல் முடித்து வைத்திருப்பவர்கள் அந்த அறிவிப்பின் நகல் ஒன்றைச் சான்றிதழ்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

2025இல் விழுந்த பூட்டு

அந்த வாசல் இப்போது இல்லை. 2025 ஆகஸ்டில் வெளிவந்த அறிவிப்பின்படி, ஜூலை–ஆகஸ்ட் 2025 கல்வி அமர்விலிருந்து உளவியல் பாடத்தைத் தொலைதூரத்திலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று யூஜிசி தடை விதித்தது. நுண்ணுயிரியல், உணவும் ஊட்டச்சத்தும், உயிரித் தொழில்நுட்பம் ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. 2021ஆம் ஆண்டு வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின்கீழ் இவை வருவதால், செய்முறை இல்லாமல் கற்பிக்க முடியாது என்பது காரணம். தடை புதிய சேர்க்கைக்கு.

காரணம் பொய்யில்லை. ஆளைப் பார்க்காமல், ஒரு செய்முறையும் செய்யாமல் பட்டம் வாங்கி, வாசலில் 'மனநல ஆலோசகர்' என்று பலகை மாட்டிக்கொண்டவர்கள் சிறு நகரங்களிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் பணம் கட்டி ஏமாந்தவர்களில் நம் குடும்பங்களும் உண்டு. சிகிச்சை தருகிறவருக்குக் கடுமையான பயிற்சி வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் உளவியல் படிப்பவர் எல்லோரும் சிகிச்சை தரப்போவதில்லை. வகுப்பறையில் பிள்ளை ஏன் பேசுவதில்லை என்று ஆராய்கிறவர் நோயாளியைத் தொடப்போவதில்லை. சிகிச்சைக்கும் ஆய்வுக்கும் இரண்டு கதவுகள் உண்டு. இரண்டுக்கும் ஒரே பூட்டைப் போட்டுவிட்டார்கள். போட்டவர்கள், நேரடி வகுப்பில் சேரக் காசும் விடுதியும் இல்லாதவர்கள் எந்தக் கதவு வழியாக வந்துகொண்டிருந்தார்கள் என்று பார்த்ததாகத் தெரியவில்லை. நேரடி வகுப்பில் உளவியல் முதுநிலை உள்ள அரசுக் கல்லூரிகள் விரல்விட்டு எண்ணும்படி இருக்கும்போது, தொலைதூரத்தை மூடினால் மிஞ்சுவது மாநகரத் தனியார் கல்லூரிகள்தாம். அங்கே கட்டணம் என்ன என்று இதைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கு இந்தச் செய்தியை நாங்கள்தான் சொன்னோம். மாதம் ரூ.9,000 சம்பளம். நேரடி வகுப்பு என்றால் இரண்டு ஆண்டில் ரூ.2,16,000 சம்பளம் போகும். கட்டணமும் சாப்பாடும் தனி. தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு வருஷம் முன்னாடியே கேட்டிருக்கணும்ணே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இன்றைக்கு உள்ள வழிகள்

முதலில் பக்கத்தில் உள்ளதைச் சொல்கிறோம். மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் காலாப்பட்டு. அங்கே புதுவை மத்தியப் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு உளவியல் துறை இருக்கிறது. திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு கியூட் முதுநிலைத் தேர்வு எழுத வேண்டும். விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் திறக்கும், தேர்வு மார்ச் மாதத்தில். எந்தப் பட்டம் படித்தவரும் கியூட் எழுதலாம். ஆனால் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் தகுதி விதிதான் முடிவு செய்யும். ஆகவே பணம் கட்டும் முன் தகவல் கையேட்டைப் பாருங்கள். நுழைவுத் தேர்வில் தேறினால் இளநிலையில் என்ன பாடம் என்று பார்க்காமல் எந்த முதுநிலையிலும் சேர்க்கலாம் என்று 2024 ஜூனில் யூஜிசி வெளியிட்ட முதுநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பு சொல்கிறது. எல்லாப் பல்கலைக்கழகமும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை.

மாநிலப் பல்கலைக்கழகங்களில் சென்னை, அண்ணாமலை, பாரதியார், பெரியார் ஆகியவற்றில் உளவியல் துறைகள் உள்ளன. நம் மாவட்டத்துக்குச் சிதம்பரமும் சென்னையும் எட்டும் தொலைவு. சென்னையில் படிக்கிற ஆண் பிள்ளைகளுக்குச் சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதி இருக்கிறது. இடம் கேட்டு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னொரு சுற்று வழியும் உண்டு. பி.எட். முடித்தவர் எம்.எட். படித்துவிட்டுக் கல்வியியலில் பிஎச்.டி. செய்யலாம். கல்வி உளவியல் அங்கே ஏற்றுக்கொண்ட ஆய்வுப் பகுதி. பட்டத்தில் உளவியல் என்ற பெயர் இருக்காது, பின்னாளில் உளவியல் துறையில் பேராசிரியராகப் போக முடியாது. ஆனால் ஆறாம் வகுப்பில் பேச்சை நிறுத்தும் பிள்ளையைப் பற்றி எழுத அது தாராளமாகப் போதும். தமிழும் பி.எட்.டும் படித்தவர்களுக்கு இதுவே கிட்டத்தில் உள்ள வழி என்று நாங்கள் சொல்லி வருகிறோம். சமூகப்பணி முதுநிலையில் மருத்துவ, மனநலப் பிரிவை எடுத்துப் படிப்பது மூன்றாவது வழி. தொடர்புடைய பாடம் என்று அதை ஏற்று உளவியல் ஆய்வுக்கு அனுமதிக்கும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். உளவியலில் முனைவர் பட்டம் வாங்கினால் மனநல சிகிச்சை தரலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மருத்துவ உளவியலாளராகப் பதிவு பெற இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ஏற்ற தனிப் பயிற்சிப் படிப்பு வேண்டும். மருத்துவமனையில் இருந்து படிக்க வேண்டியது அது. நிமான்ஸ் போன்ற நிறுவனங்களில் அதற்குப் போட்டி மிக அதிகம். எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்புவது நல்லது.

என்ன படிக்க வேண்டும்?

நெட் தேர்வில் முதல் தாள் 50 வினா, இரண்டாம் தாள் 100 வினா. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. முதுநிலையில் நம் பிள்ளைகளுக்கு 50 விழுக்காடு போதும். உதவித்தொகையுடன் கூடிய ஜேஆர்எஃபுக்கு வயது வரம்பு 30, நமக்கும் பெண்களுக்கும் ஐந்தாண்டு தளர்வு. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். இந்தி மாநிலத்தில் கிராமத்துப் பிள்ளை தன் மொழியில் வினாவைப் படிக்கிறது. தமிழ்வழியில் படித்த நம் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. இதைத் தேர்வு நடத்துகிறவர்களிடம் கேட்க வேண்டிய கட்சிகள் ஏன் கேட்பதில்லை என்பது வேறு கட்டுரைக்கான பொருள்.

பாடத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. டெட் தேர்வுக்குத் தயாரான எந்தப் பிள்ளையிடமும் கேட்டுப் பாருங்கள். பியாஜேயின் நான்கு வளர்ச்சிப் படிநிலைகளையும் தூக்கத்தில்கூடச் சொல்லும். வைகாட்ஸ்கி, கோல்பர்க் எல்லாம் மனப்பாடம். குழந்தை மேம்பாடு பற்றி அங்கே 30 மதிப்பெண். அதாவது உளவியலின் ஒரு பகுதி ஏற்கெனவே நம் ஊர்களில் இரவு விளக்கில் படிக்கப்பட்டு வருகிறது. விடுபட்டவை மூன்று: மூளை, நரம்பு பற்றிய உயிரியல் அடிப்படை, உளச் சோதனைகள், புள்ளியியல். தமிழ் படித்தவர்கள் கடைசி ஒன்றைக் கேட்டதும் எழுந்து போய்விடுகிறார்கள்.

நாங்கள் அதை ஊர்க்கணக்கில் சொல்லித் தருகிறோம். ஒரு வீட்டில் அம்மா நூறு நாள் வேலைக்குப் போன நாட்கள் ஒரு வரிசை. அந்த வீட்டில் மூத்த பெண் பிள்ளை பள்ளிக்குப் போகாத நாட்கள் இன்னொரு வரிசை. ஒன்று ஏறும்போது மற்றதும் ஏறுகிறதா? அதுதான் ஒட்டுறவு. ஏறினாலும் முன்னது பின்னதற்குக் காரணம் என்று உடனே சொல்லிவிடக் கூடாது, இரண்டுக்கும் பின்னால் வீட்டுக் கடன் இருக்கலாம் என்பது அடுத்த பாடம். உளச் சோதனையில் ஏற்புடைமை என்று ஒன்று வரும். அளக்க வந்ததைத்தான் ஒரு சோதனை அளக்கிறதா என்று பார்ப்பது. எஸ்கலேட்டர் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டு, தெரியாத பிள்ளைக்கு அறிவுக் குறைவு என்று எழுதினால் அது அறிவை அளக்கவில்லை, ஊரை அளக்கிறது. இதைச் சொன்னால் எங்கள் பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது. நகரத்துப் பிள்ளைக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கும்.

ஸ்வயம் தளத்தில் புள்ளியியலும் அடிப்படை உளவியலும் இலவசமாகக் கேட்கலாம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். அந்தச் சான்றிதழ் முதுநிலைப் பட்டத்துக்கு ஈடாகாது. நேர்காணலில் "நீங்களாக என்ன படித்தீர்கள்?" என்ற கேள்விக்குப் பதிலாகும்.

பணத்துக்கு வருவோம். முதுநிலைக்கு ஆதிதிராவிடர் நலத்துறையின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, குடும்ப ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருந்தால். முழுநேர முனைவர் படிப்புக்கு மாநில அரசு ஆண்டுக்கு ரூ.1 லட்சம் தருகிறது. மத்திய அரசின் பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை நெட் மதிப்பெண் அடிப்படையில். 2023 முதல் மாதம் ரூ.37,000, இரண்டாண்டுக்குப் பின் ரூ.42,000. ஜெராக்ஸ் கடைச் சம்பளத்தில் நான்கு மடங்கு. ஆனால் அந்தப் பணம் முதுநிலையைத் தாண்டிய பிறகுதான் வரும். நடுவிலுள்ள இரண்டாண்டுதான் நம்மை உடைக்கிறது. கிறித்தவத்துக்கு மாறிய நம் சகோதரர்களுக்கு மத்திய அரசின் அந்த உதவித்தொகை கிடையாது, 1950ஆம் ஆண்டு ஆணை அவர்களைப் பட்டியலுக்கு வெளியே வைத்திருக்கிறது. மாநில அரசின் ரூ.1 லட்சம் அவர்களுக்கும் உண்டு. தெரியாமல் விட்டுவிடாதீர்கள்.

தமிழ் படித்ததன் பயன்

"தமிழ் படிச்சது வேஸ்ட்" என்று அந்தத் தம்பி ஒருநாள் சொன்னார். தமிழ் படித்த எங்களிடமே சொன்னார். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலைத் திரும்ப எடுத்து வரச் சொன்னோம். எட்டு மெய்ப்பாடுகளில் இளிவரல் ஒன்று. தாழ்வுபடுவதால் வரும் உணர்வு. அது நான்கு நிலையில் தோன்றும் என்கிறார் தொல்காப்பியர்: முதுமை, நோய், துயரம், எளிமை. பிறப்பைச் சொல்லி ஒருவர் இன்னொருவரை இழிவுபடுத்தும்போது வருவது அதில் இல்லை. ஐந்தாவதாக அதைச் சேர்த்து எழுத வேண்டியவர் யார்?

அந்தக் கேள்வியோடு அவர் காலனிக்குள் போனார். அவமானப்பட்டதைச் சொல்ல நம் மக்கள் என்னென்ன சொல் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுத ஆரம்பித்தார். 'மனசு சுருங்கிப்போச்சு', 'கூசிப்போச்சு', 'கேவலமா பூட்டுச்சு', 'மூஞ்சி செத்துப்போச்சு'. வயதானவர் ஒரு சொல்லும் இளையவர் வேறு சொல்லும் வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு வினாத்தாளை மொழிபெயர்த்துக் கொண்டுவருகிறவர்கள் இந்தச் சொற்கள் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள். 'நீங்கள் மனச்சோர்வை உணர்கிறீர்களா?' என்று கேட்டால் எங்கள் ஆயா இல்லை என்றுதான் சொல்லும். தமிழில் ஒரு நல்ல உளச் சோதனை உருவாக வேண்டுமானால் அதற்குத் தமிழ் படித்தவர் வேண்டும், சேரித் தமிழ் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். தம்பியின் நோட்டில் இப்போது 60க்கு மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன.

தங்கையின் கல்யாணம் முடிந்ததும் எம்.எட். சேருவதா, கியூட் எழுதிக் காலாப்பட்டுக்குப் போவதா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. இரண்டுக்குமாகப் படித்துக்கொண்டிருக்கிறார்.

அரசிடம் கேட்க வேண்டியவை இருக்கின்றன. மாவட்டத்துக்கு ஓர் அரசுக் கலைக் கல்லூரியிலாவது உளவியல் முதுநிலை வர வேண்டும். முடியாத இடத்தில், வேறு பட்டம் படித்தவர்களுக்காக மாலை நேரத்தில் ஓராண்டு இணைப்புப் படிப்பு, செய்முறையோடு. சிகிச்சை சாராத உளவியல் ஆய்வுக்குத் தொலைதூரப் படிப்பை, நேரடிச் செய்முறை முகாமைக் கட்டாயமாக்கி, மீண்டும் திறக்க மாநில அரசு யூஜிசியிடம் பேச வேண்டும். முதுநிலைப் பிள்ளைகளுக்கு மாவட்டத் தலைநகரில் தனி விடுதி வேண்டும். மனு தயாராக இருக்கிறது. வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிறோம். உடன் வர விரும்பும் மாணவர்கள் காலை 9 மணிக்கு வாசலில் நிற்கலாம்.

முனைவர் படிப்புப் பற்றித் தனியாகப் பேச வேண்டியவர்கள் ஞாயிறு மாலை படிப்பகத்துக்கு வாருங்கள். பத்தாம் வகுப்பு முதல் எல்லா மதிப்பெண் பட்டியல்களும், சாதிச் சான்றும், இந்த ஆண்டு எடுத்த வருமானச் சான்றும் கையில் இருக்கட்டும். ஆங்கிலம் தெரியவில்லை என்று யாரும் வராமல் இருக்க வேண்டாம்.